ஊர்ச் சர்க்காரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டா? தகவல் உரிமை பற்றித் தோட்டப் பட்டணத்துக் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பட்டணத்துப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்கள் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். இப்போது தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர்களோடும் வங்காளதேசிகளோடும் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துத் தம்பிகளும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு மேசை போட்டு உட்காருவேன். விண்ணப்பப் பாரம் நிரப்ப, கடிதம் எழுத ஆட்கள் வருவார்கள். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ, பற்றி அங்கே திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. 29 வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். தாள் எங்கே இருக்கும், எப்படிக் காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும்.

இது என்ன சட்டம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2005இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். அந்த வருடம் ஜூன் 15இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அக்டோபர் 12இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலகத்தில் இருக்கும் கோப்பு, பதிவேடு, ஒப்பந்தம், அறிக்கை எதையும் இந்தியக் குடிமகன் யாரும் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் தர வேண்டும், இல்லையென்றால் ஏன் தரவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது.

நான் மலேசியக் குடிமகன். தாத்தா நிலம் சேலம் பக்கம் இருக்கிறது. நான் ஆர்டிஐ போடலாமா?

முடியாது. பிரிவு 3, "எல்லாக் குடிமக்களுக்கும்" என்றுதான் சொல்கிறது. இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. ஊரில் இருக்கும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ தங்கள் பெயரில் கேட்கலாம்.

ஆனால் நிலத்து விஷயம் என்றால் ஆர்டிஐக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிலத்தின் புல எண் கையில் இருந்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்ற நில உரிமைப் பதிவு விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். வில்லங்க விவரத்தையும் பதிவுத்துறை இணையத்தளத்தில் பார்க்கலாம். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. முதலில் அதைப் பாருங்கள். பட்டா பெயர் மாறியிருந்தால், எந்த உத்தரவின்படி, எந்த ஆவணத்தை வைத்து மாற்றினார்கள் என்பதுதான் ஆர்டிஐயில் கேட்க வேண்டிய கேள்வி. அதை உறவுக்காரர் பெயரில் எழுதுங்கள்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். வேலை பெர்மிட் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது, தம்பி. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பெர்மிட் மலேசியா கொடுத்தது. குடியுரிமை உன்னுடையது. பெர்மிட் முடிந்தால் குடியுரிமை முடிவதில்லை. இங்கே மூன்று தலைமுறையாக இருக்கும் எனக்கு இல்லாத உரிமை, இந்த ஊரிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் உன்னிடம் இருக்கிறது. உலகத்தில் வலுவான தகவல் சட்டங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆபீசில் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டுத் திரிகிறோம்.

தங்கும் இடத்தை எழுதப் பயமாக இருந்தால் தமிழ்நாட்டு வீட்டு முகவரியைக் கொடுக்கலாம். உன்னைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரத்துக்கு மேல் எதையும் அவர்கள் கேட்கக் கூடாது. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது.

இதை மனித உரிமை என்று ஏன் சொல்கிறார்கள்? பேப்பர் கேட்பதெல்லாம் மனித உரிமையா?

சோறு, வீடு, கூலி, உயிர் என்றால்தான் உரிமை, தாள் எல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு அண்ணன் என்னிடம் கோபமாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

நான் கிராணியாக இருந்த காலத்தில் செக்ரோல் என்ற வருகைக் கணக்குப் புத்தகம் கம்பி ஜன்னலுக்கு உள்ளே என் மேசையில் இருக்கும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் விழுந்ததா, எத்தனை நாள் விழுந்தது, மழை நாளுக்கு என்ன போட்டார்கள், எல்லாம் அதில்தான். ஒரு அம்மா சம்பளத்துக்கு முந்தின நாள் வந்து நிற்பார். பால் சுமக்கும் காண்டாவாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, எனக்கு இந்த மாசம் எத்தனை நாள்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்பார். பார்த்துச் சொல்லுவேன். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டியதில்லை. காட்டக் கூடாது என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அது அப்படியே நடந்துவந்தது. அவர் சிந்திய வியர்வையின் கணக்கு என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை. ஒரு மாதம் இரண்டு நாள் குறைந்துபோயிருந்தால் அவர் எதை வைத்து நிரூபிப்பார்? கூலி உரிமை என்றால், கூலிக் கணக்கைப் பார்ப்பதும் அந்த உரிமையில் சேர்ந்ததுதான். அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கிறது.

சட்டப் பக்கம் பார்த்தால், 1946 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் முதல் கூட்டத்தொடரிலேயே தகவல் சுதந்திரம் அடிப்படை மனித உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம், 19ஆம் பிரிவில், தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதே எண் பிரிவில் அதுவே இருக்கிறது. அதில் இந்தியா 1979இல் சேர்ந்தது. மலேசியா இன்னும் சேரவில்லை.

இந்திய அரசியல் சாசனத்தில் "தகவல் உரிமை" என்று தனியாக ஒரு வரி கிடையாது. 19(1)(அ) பேச்சுச் சுதந்திரத்தைச் சொல்கிறது. எதுவுமே தெரியாமல் எதைப் பேசுவது? அந்த வழியில்தான் உச்ச நீதிமன்றம் அறியும் உரிமையை அதற்குள் கண்டது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கு. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய நீலப் புத்தகத்தைக் காட்ட முடியாது என்றது அரசு. பொறுப்பில் இருப்பவர்கள் மக்கள் பெயரால் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மாத்யூ அந்தத் தீர்ப்பில் எழுதினார். 2002இல் வேட்பாளர்கள் தங்கள் சொத்தையும் குற்ற வழக்கையும் வெளியே சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. 2024 பிப்ரவரி 15இல் தேர்தல் பத்திரத் திட்டத்தை ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். கட்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்பதே அதற்கு அடிப்படை. ஆக, 2005ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த உரிமைக்கு வழியும் நாள் கணக்கும் அபராதமும் வைத்தது.

டெல்லியில் படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவந்த சட்டம்தானே இது?

இல்லை. இது கூலிக்காரர்கள் கொண்டுவந்த சட்டம். தோட்டத்தில் வளர்ந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ராஜஸ்தானில் தேவ்டூங்ரி என்ற சின்ன கிராமம். 1990 மே முதல் தேதி அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தொடங்கியது. உழைப்பாளர், விவசாயிகள் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐஏஎஸ் பதவியை 1975இல் விட்டுவிட்டு வந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரோடு ஊர் மக்களும் சேர்ந்திருந்தார்கள். வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் வேலை அவ்வளவு செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள்.

அந்தப் பதிவேடு நம் செக்ரோல் மாதிரிதான். 1994 டிசம்பரிலிருந்து அவர்கள் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தினார்கள். கிடைத்த பதிவேட்டு நகலை ஊர் நடுவில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறது, வாங்கினீர்களா? அவர் செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று கூட்டத்திலிருந்து பதில் வரும். கட்டாத கட்டடத்துக்குப் பில், ஊரிலேயே இல்லாத ஆளுக்குக் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1996 ஏப்ரலில் பேவார் பட்டணத்தில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் முழக்கம்.

அதற்கு அடுத்த வருடமே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான். விலக்குகள் ஏராளமாக இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. நாடாளுமன்றம் 2002இல் போட்ட சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அப்புறம் வந்ததுதான் 2005.

என்னென்ன கேட்கலாம்?

தாளில், கணினியில், படத்தில் இருக்கிற எதையும். நேரில் போய்க் கோப்பைப் புரட்டிக் குறிப்பெடுக்கலாம். ரோடு போட்டால் அந்தத் தாரிலும் ஜல்லியிலும் மாதிரி கேட்டு வாங்கலாம். பிரிவு 2(ஜே) அப்படிச் சொல்கிறது. எழுதிய பரீட்சையின் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பு சொன்னது.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்", "இது நியாயமா" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அலுவலகத்தில் எழுத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். இல்லாததைப் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. அதனால் கேள்வியைத் தாளாக மாற்றிக் கேட்க வேண்டும். "என் அம்மாவுக்கு ஏன் பென்ஷன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். "மனுவை நிராகரித்த உத்தரவின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.

இந்த மேசைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இவைதான்: அம்மாவின் முதியோர் உதவித்தொகை, மனைவியின் நூறு நாள் வேலைக் கூலி, வீடு கட்டும் திட்டத்தில் பெயர், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ஊர்ப் போலீஸ் விசாரணை எங்கே நிற்கிறது, பணம் வாங்கி ஏமாற்றிய ஏஜெண்டு மேல் கொடுத்த புகார் என்ன ஆயிற்று. கடைசியில் சொன்னதற்குச் சென்னையில் இருக்கும் குடியேறுவோர் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேட்கலாம். அந்த ஏஜெண்டுக்கு 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். ஆர்டிஐ போட்டு வாங்க முடியுமா?

முடியாது. ஆர்டிஐ அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான். இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே குற்றம். தொழிலாளர் இலாகாவிலும் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்திலும் புகார் கொடுக்க வேண்டும். தூதரகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால், அந்தப் புகார் மேல் நாள்வாரியாக என்ன செய்தார்கள் என்று ஆர்டிஐயில் கேட்கலாம். நாம் ஹைகமிஷன் என்று சொல்லும் அந்தத் தூதரகமும் இந்த வேலைக்கு ஒரு இந்திய அரசு அலுவலகம்தான்.

அண்ணனைப் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். 30 நாள் காத்திருக்க முடியுமா?

ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ தொட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று பிரிவு 7(1) சொல்கிறது. விண்ணப்பத்தின் தலையிலேயே அதை எழுதி, ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். தூதரக அதிகாரி அவரைப் போய்ப் பார்த்தாரா, எந்தத் தேதியில், ஊருக்கு அனுப்பத் தற்காலிகப் பயண ஆவணம் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். ஊரிலிருந்து தம்பியோ மனைவியோ வெளியுறவு அமைச்சகத்துக்கு இணையத்தில் போட்டால் வேகமாகப் போகும். ஆர்டிஐ போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், தூதரகத்துக்கு நேரிலும் போக வேண்டும்.

எப்படி எழுதுவது? மாதிரி ஒன்று தாருங்களேன்.

போன வருடம் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். குலை வெட்டுகிற கை; உள்ளங்கையில் செம்பனை முள் ஏறிக் கறுத்த புள்ளிகள். அவருடைய அம்மா முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விசாரிக்கப் போனபோதெல்லாம் "வரும், போங்க" என்றிருக்கிறார்கள். "முடித்துத் தருகிறேன்" என்ற ஒருவருக்கு இவர் இங்கிருந்து இரண்டு தடவை பணமும் அனுப்பியிருக்கிறார். மனுக் கொடுத்த ரசீது மட்டும் பத்திரமாக இருந்தது. அம்மா அதைப் படம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மடிப்பில் கிழிந்து, தேதி முத்திரையில் மாதம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள் கிழித்து இப்படி எழுதினோம்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம். பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ்த் தகவல் கோருதல். நான் இந்தியக் குடிமகன். கீழ்க்கண்ட தகவல்களைத் தர வேண்டுகிறேன். 1. இணைப்பில் உள்ள ரசீது எண் கொண்ட மனுவின் மேல் இன்றுவரை நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை. 2. அந்த மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது. அவருடைய பதவிப் பெயர். 3. இப்படிப்பட்ட மனுவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற விதியின் நகல். 4. கோப்பில் உள்ள அலுவலகக் குறிப்புகளின் நகல்."

அவ்வளவுதான். "ஏழை", "கருணை கூர்ந்து", "தங்கள் பொற்பாதம்" எதுவும் வேண்டாம். அந்தத் தம்பிக்கு அது சங்கடமாக இருந்தது. "மரியாதை இல்லாம இருக்கே, ஐயா" என்றார். "வேண்டுகிறேன்னு எழுதியிருக்கே தம்பி, அதுதான் மரியாதை" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டு, தாளைப் படம் எடுக்காமல் மூலத் தாளையே ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் அண்ணன் அங்கே நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டார்.

26ஆம் நாள் பதில் வந்தது. மனு இரண்டு வருடத்துக்கு முன்பே நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சான்றிதழ் இணைக்கவில்லை என்பது காரணம். அம்மாவுக்கு யாரும் சொல்லவே இல்லை. இல்லாத மனுவுக்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறார், அதற்கு இங்கிருந்து பணமும் போயிருக்கிறது. சான்றிதழை வைத்துப் புதிதாக மனுப் போட்டார்கள். உதவித்தொகை வந்த மாதம் தம்பி பசியாற தோசை வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

தமிழில் எழுதலாமா?

தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தாராளமாக எழுதலாம். தூதரகத்துக்கும் டெல்லிக்கும் ஆங்கிலமோ இந்தியோ வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 500 வார்த்தைக்குள் இருப்பது நல்லது.

எவ்வளவு செலவு? இங்கிருந்து எப்படிக் கட்டுவது?

விண்ணப்பத்துக்குப் 10 ரூபாய். நம் காசுக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பைப் பார்க்க மத்திய அரசு அலுவலகங்களில் முதல் ஒரு மணி நேரம் இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது; சான்று இணைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்காக இந்திய அஞ்சல் துறை 2013இல் மின்னணு அஞ்சல் ஆணை கொண்டுவந்தது. அட்டையில் பணம் கட்டி, அச்சடித்து விண்ணப்பத்தோடு வைக்கலாம். பாஸ்போர்ட் நகலும் சேர்த்து வையுங்கள். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் மட்டும்தான். மாநில அலுவலகங்களுக்கு ஊரில் இருக்கும் ஆள் மூலம் கட்டுவதுதான் சுலபம். தமிழ்நாட்டுக்கும் இணைய வழி உண்டு.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பணம் வீணாகாது. சரியான அலுவலகத்துக்கு 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

30 நாள் ஆகிவிட்டது, பதிலே இல்லை. அப்புறம்?

அப்புறம்தான் சட்டத்தின் பல் தெரியும். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதிலும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மாநில அலுவலகம் என்றால் சென்னையில், மத்திய அலுவலகம் என்றால் புதுடெல்லியில்.

காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய் அபராதம், 25,000 வரை. அது அவர் சொந்தப் பணத்திலிருந்து போகும். கிராணி மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலதிகாரியின் திட்டைவிட இது வேலை செய்யும். கெடு தாண்டிவிட்டால் நகலையும் இலவசமாகத் தர வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். "போட்டேன், வரல" என்று கையை உதறிவிடுகிறார்கள். தபால் ரசீதை நோட்டில் ஒட்டி, 30ஆம் நாள் எது, 60ஆம் நாள் எது என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த வட்டம் இல்லாமல் மேல்முறையீடு நடக்காது.

எதையெல்லாம் தர மாட்டார்கள்?

பிரிவு 8இல் பட்டியல் இருக்கிறது: நாட்டுப் பாதுகாப்பு, நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்குத் தடையாக இருப்பவை, வியாபார ரகசியம், அமைச்சரவைக் குறிப்புகள், தனிப்பட்ட விவரம் என்று போகும். பொது நன்மை பெரிது என்றால் விலக்கு உள்ளதையும் தரலாம் என்று 8(2) சொல்கிறது. உளவு அமைப்புகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அவர்களுக்கும் அந்த விலக்கு இல்லை.

தனிப்பட்ட விவரம் என்ற விலக்கு பற்றி எனக்குக் கவலை உண்டு. முன்பு, பொது வேலையோடு சம்பந்தமே இல்லாத தனி விவரத்தைத்தான் மறுக்கலாம் என்று பிரிவு 8(1)(ஜே) இருந்தது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருக்கியது. தேவ்டூங்ரிக்காரர்கள் ஊர் நடுவில் படித்ததே பெயர்ப் பட்டியல்தான். பெயரை மறைத்துவிட்டால் செத்தவர் பெயரில் கூலி எடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டம் இருந்து என்ன, கேட்டவர்களைக் கொன்றுவிடுகிறார்களே?

உண்மைதான். மறைக்க மாட்டேன். 2010 ஜனவரியில் புனே பக்கம் நில மோசடிகளை வெளியே கொண்டுவந்த சதீஷ் ஷெட்டியை வெட்டிக் கொன்றார்கள். அதே வருடம் ஜூலையில், கிர் காட்டைச் சுற்றி நடந்த சுரங்க வேலையைக் கேள்வி கேட்ட அமித் ஜேட்வாவை அகமதாபாத்தில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி, தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யும்படி ஆக்கினார்கள். ஆணையங்களில் இடங்கள் காலியாகக் கிடப்பதால் மேல்முறையீடு மாதக்கணக்கில் இழுக்கிறது.

அம்மாவின் பென்ஷன் மனுவைக் கேட்பதற்கும் மணல் கொள்ளையைக் கேட்பதற்கும் ஆபத்து ஒன்றல்ல. பெரிய விஷயம் என்றால் தனியாகப் போகாதீர்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து தனித்தனியாகப் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் போடுவதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பதில் போகும் முகவரியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

சரி, மலேசியக் குடிமக்களான நமக்கு இங்கே என்ன இருக்கிறது?

மாநில அளவில் பினாங்கின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நம் சிலாங்கூரின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. நாம் சிலாங்கூரில் இருப்பதால் மாநில இலாகாக்கள், மாவட்ட நில அலுவலகம், நகராண்மைக் கழகம் ஆகியவற்றிடம் விண்ணப்பிக்கலாம். நிலம் மாநில அதிகாரத்தில் வருகிறது. தோட்டத்து நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மனு வந்திருக்கிறதா, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நிற்கிற இடம் எந்தப் பட்டாவில் வருகிறது என்பவை இங்கே கேட்க வேண்டிய கேள்விகள். இடிக்க லாரி வந்து நின்ற பிறகு ஓடுவதைவிட முதலிலேயே ஒரு விண்ணப்பம் போடுவது எவ்வளவோ மேல்.

இந்தியச் சட்டத்தோடு இரண்டு பெரிய வித்தியாசம். இங்கே காரணம் சொல்ல வேண்டும். அதோடு, மாநிலச் சட்டத்துக்கு மேலே 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் நிற்கிறது. ரகசியம் என்று முத்திரை குத்திய தாளை வெளியிட்டால் குறைந்தது ஒரு வருடம் சிறை. இந்தியாவிலும் வெள்ளைக்காரன் காலத்து 1923ஆம் ஆண்டு ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் இரண்டும் மோதினால் ஆர்டிஐதான் ஜெயிக்கும் என்று பிரிவு 22 எழுதிவைத்திருக்கிறது. அந்த ஒரு பிரிவு இங்கே இல்லை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி விவகாரமெல்லாம் கூட்டரசுப் பதிவு இலாகாவிடம் இருப்பதால் சிலாங்கூர்ச் சட்டம் அதைத் தொடாது. ஐம்பது வருடம் இங்கேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு ஐசியோடு நிற்கிற அம்மாவின் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க வழி இல்லாததுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

இந்தியாவில், வாயால் சொன்னதை எழுத்தாக்கித் தருவதே தகவல் அலுவலரின் கடமை. பிரிவு 6(1)இல் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் மண்டபத்துக்குப் பின்பக்கம் வாருங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், ஊர் முகவரி, தாலுகா பெயர், பழைய மனுவின் ரசீது ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ரசீது இல்லை என்றால் மனுக் கொடுத்த நாளில் கூட வந்தது யார், அன்றைக்கு என்ன விசேஷம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். தேதியைக் கண்டுபிடித்துவிடலாம்.